முந்தைய படம்

மன்னார்குடியில், உரக்கடைக்கு மேலே என் அறை.
யூரியா நெடி படியேறி வரும்.
இருட்டில் இரண்டு திரைகள்,
யாரும் தூக்கிப் போடாத ஒரு வெளிச்சப் பெட்டி,
ஆறிப்போன டீ.

எனக்கொரு வழக்கம்.
புதுப் படத்தை முதலில் தனியாகப் பார்ப்பேன்.
பழைய உறையைக் கவிழ்த்து
அதன்மேல் கைப்பேசியை வைத்துவிடுவேன்.
பழைய ரிப்போர்ட் பேசும்.
‘சாதாரணம்’ என்று யாரோ எழுதியிருந்தால்
கண் அந்தச் சொல்லில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும்.
‘சந்தேகம்’ என்றிருந்தால்
இல்லாத இடத்திலும் எறும்பு ஊரும்.

ஆனாலும் உறை இல்லாமல் முடியாது.
பத்து வருடம் அசையாத ஒரு வெள்ளைப் புள்ளியை
நேற்று முளைத்ததென்று எண்ணி
ஆக்னஸ் மேரியை மூன்று ராத்திரி
தூங்கவிடாமல் செய்திருக்கிறேன்.
அவள் உறை நாலாம் நாள்
பேராவூரணி பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

இன்று செண்பகவல்லி, வயது ஐம்பத்துமூன்று,
எடமேலையூர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
போன வருடமும் வந்தவர்.
“பழசெல்லாம் கஜாவுல கூரையோட போச்சுங்க” என்றார் அப்போது.
நான் எழுதினேன்:
ஒப்பிட முந்தைய படம் இல்லை.
இடது மார்பின் மேற்புறம் லேசான அடர்த்தி.
இயல்பாக இருக்கலாம். ஆறு மாதத்தில் வரவும்.
ஆறாம் மாதம் சம்பா கொள்முதல்,
லாரி வரவில்லை, மழை, தார்ப்பாய் போதவில்லை.
பதினோராம் மாதம் வந்திருக்கிறார்.

இன்றைய படம் வலது திரையில்,
போன வருடத்தது இடது திரையில்.
இரண்டும் ஒன்றுதான்.
விரல் தட்டத் தொடங்கியிருந்தது:
‘மாற்ற’

கதவு.
ஜெசிந்தா, கையில் மஞ்சள் பிளாஸ்டிக் பை.
“பட்டாவோட சேர்ந்து இருந்துச்சாம், மேடம்.
கொடுக்க மறந்துட்டாங்களாம்.”

பழுப்பு உறை,
ஒரு மூலையில் தண்ணீர் நின்ற கோடு.
கஜாவுக்கு மூன்று மாதம் முன்பு தஞ்சாவூரில் எடுத்தது.
ஒட்டிக்கொண்டிருந்த பிலிமைப் பிரித்து
வெளிச்சப் பெட்டியில் செருகினேன்.
குழல்விளக்கு இரண்டு முறை துடித்து நின்றது.

அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

பாமணி ஆற்றில் மணல்மேடு ஏறுவதை
தினம் பாலம் கடப்பவன் பார்ப்பதில்லை.
ஏழு வருடம் துபாயில் இருந்தவன்
பஸ் ஜன்னலில் இருந்தே கேட்பான்,
“இது எப்ப வந்துச்சு?”
நேற்றோடு வைத்துப் பார்த்தால் எதுவும் வளர்வதில்லை,
பிள்ளையின் உயரமும், வட்டியும்கூட.

போன வருடம் இந்த உறை இருந்திருந்தால்
என்று தொடங்கும் வாக்கியத்தை
எனக்கு முடிக்கத் தெரியவில்லை.
போன வருடப் படத்தைத் திரும்பப் பார்க்கிறேன்.
விளிம்பில் முள் முள்ளாய் நீட்டிக்கொண்டிருக்கிறது.
அப்போதும் இருந்ததா,
தெரிந்துவிட்டதால் தெரிகிறதா?

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்:
ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.
“எத்தனை சதவீதம்னு சொல்லுங்க” என்றார்.
“நெல்லுல ஈரம் பதினேழைத் தாண்டினாத்தான்
நாங்க திருப்பி அனுப்புவோம்.”
என்னிடம் அப்படி ஒரு மீட்டர் இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் வெளிச்சப் பெட்டியையே பார்த்தார்.
“முந்தின மூட்டை காய்ஞ்சிருந்துச்சுன்னு
இந்த மூட்டைய விடுறதில்லீங்க.
ஒவ்வொண்ணுலயும் குத்தூசி போடணும்.
போடுங்க.”

என்னைக் குறை சொன்னாரா, தெரியவில்லை.
போகும்போது உறையைத் திருப்பிக் கேட்டார்.
பட்டா இருக்கும் பையில் வைக்க வேண்டுமாம்.
ஒரு நகல் எடுத்துக்கொண்டு கொடுத்தேன்.

திரையில் ‘மாற்ற’ அப்படியே நின்றது,
பக்கத்தில் கோடு துடித்தபடி.
ஒரு ‘ம்’ போட்டேன்.
‘உள்ளது’ என்று எழுத
நான்கு முறை தவறாகத் தட்டினேன்.

“அடுத்தது யாரு?”
“கோட்டூர், மேடம். நாப்பது வயசு.
முதல் தடவையா வந்திருக்காங்க.”

மேசையில் கவிழ்த்து வைக்க ஒன்றுமில்லை.
கைப்பேசியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருக்கிறேன்.